கணக்கில் வராத பெண்கொலைகள்

சுருளி முதல் வண்டிப்பெரியாறு வரை: தண்டனையைக் கூட்டிக்கொண்டே போகிறோம், வழக்கின் முதல் பக்கத்தைக் கோட்டை விடுகிறோம்

2011 மே மாதம் தேனி மாவட்டத்துச் சுருளி அருவிப் பக்கத்துக் காட்டுக்குள் இரண்டு உடல்கள் கிடந்தன. ஓர் இளைஞர், ஓர் இளம்பெண். இருவரும் கல்லூரியில் படித்தவர்கள். அருவியைப் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை என்று குடும்பத்தார் தேடி அலைந்து, சில நாள் கழித்துத்தான் உடல்கள் கிடைத்தன. அந்தப் பெண் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார் என்றது காவல்துறை. கம்பம் பள்ளத்தாக்கே பதறியது.

2018 மார்ச்சில் தேனி நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. குற்றத்தையும் குற்றம்சாட்டப்பட்டவரையும் இணைக்கும் சங்கிலி முழுமையாக இல்லை என்பது தீர்ப்பின் சாரம். டி.என்.ஏ. பரிசோதனைக்கான மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, எங்கே எத்தனை நாள் இருந்தன, ஏன் தாமதமாக ஆய்வகம் சேர்ந்தன என்பதற்குச் சரியான விளக்கம் இல்லை. இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று நாடு முழுமைக்குமான வழிகாட்டுதல்களை அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் சேர்த்தார்கள். டி.என்.ஏ. மாதிரியை எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், கைமாறும் ஒவ்வொரு கட்டத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

ஆக, சட்டப் புத்தகத்தில் இருக்கும் ஆகப்பெரிய தண்டனையை இரண்டு நீதிமன்றங்கள் கொடுத்தும், 14 ஆண்டுகள் கழித்து அந்த இரண்டு பிள்ளைகளைக் கொன்றவர் யார் என்பதற்குச் சட்டத்தின் பார்வையில் விடை கிடையாது. விடுவிக்கப்பட்டவரோ தன் வாழ்நாளின் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டார். இரு பக்கமும் அநீதி. தண்டனை குறைவாக இருந்ததால் இது நேரவில்லை. தொடக்கத்தில் செய்யவேண்டிய வேலையைச் செய்யாததால் நேர்ந்தது.

பெண்கொலைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் உலகம் முழுக்க எழுந்து, பல நாடுகளில் சட்டமாகவும் ஆகிவிட்டது. கொஸ்டாரிகா 2007-இல் தொடங்கி வைத்தது. மெக்சிகோ, பிரேசில், அர்ஜென்டினா என்று லத்தீன் அமெரிக்காவின் பெரும்பாலான நாடுகள் பின்தொடர்ந்தன. 2025 நவம்பரில் இத்தாலி நாடாளுமன்றம் பெண்ணைப் பெண் என்பதற்காகக் கொல்வதைத் தனிக் குற்றமாக்கி ஆயுள் தண்டனை என்று விதித்தது. ஐ.நா.வின் கணக்குப்படி 2023-இல் உலகில் சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 51,100 பேரைக் கொன்றவர்கள் கணவர், காதலர் அல்லது சொந்தக் குடும்பத்தார். நாளொன்றுக்கு 140 பேர்.

தமிழுக்கு இந்தக் குற்றத்தின் பெயர் புதிதன்று. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயை எடுத்துத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொன்றான் நன்னன் என்ற சிற்றரசன். 81 யானைகளையும் அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையையும் தருகிறோம், விட்டுவிடு என்று கேட்டும் அவன் இரங்கவில்லை. குறுந்தொகையில் பரணர் அந்த மன்னனைக் குறிப்பிடுகையில் அவன் செய்த பெண்கொலையைச் சேர்த்தே குறிப்பிடுகிறார். அவன் போர்களும் கொடைகளும் மறந்துபோய்விட்டன. அந்தக் கொலை மட்டும் 2,000 ஆண்டுகளாக அவன் பெயரோடு நிற்கிறது. நம் சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை.

பிரேசில் சொல்லும் பாடம்

தனிச் சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இதற்குப் பிரேசிலைப் பார்க்க வேண்டும். அங்கே 2006 ஆகஸ்டில் மரியா டா பென்யா சட்டம் வந்தது. கணவன் சுட்டதில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, நடக்க முடியாமல் போன ஒரு பெண், அவன் தண்டிக்கப்படும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் போராடினார். அவர் பெயரையே சட்டத்துக்கு வைத்தார்கள். குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டங்களில் உலக அளவில் பாராட்டு பெற்ற ஒன்று அது.

2015-இல் அந்நாட்டின் ‘வன்முறை வரைபடம்’ ஆய்வு ஒரு கணக்கை வெளியிட்டது. 2003-க்கும் 2013-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் கொல்லப்பட்ட வெள்ளைப் பெண்களின் ஆண்டு எண்ணிக்கை 1,747-லிருந்து 1,576 ஆகக் குறைந்தது. கறுப்பினப் பெண்களின் எண்ணிக்கையோ 1,864-லிருந்து 2,875 ஆக உயர்ந்தது. 54 சதவீத ஏற்றம். சட்டம் ஒன்றுதான், நாடும் ஒன்றுதான். புகார் கொடுக்க மகளிர் காவல் நிலையம் பக்கத்தில் இருந்தவர்கள், சொன்னதும் போலீஸ் நம்பக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். நகரத்து ஓரங்களில், வீட்டுவேலை செய்து பிழைக்கும் கறுப்பினப் பெண்களிடம் அந்தச் சட்டம் போய்ச்சேரவில்லை.

2015 மார்ச்சில் பெண்கொலையைக் கடுங்குற்றமாக்கி 12 முதல் 30 ஆண்டுவரை தண்டனை விதித்தார்கள். 2024 அக்டோபரில் அதை 20 முதல் 40 ஆண்டு என்று உயர்த்தினார்கள். இதையெல்லாம் தாண்டி எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. பிரேசிலுக்கு அந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது? அங்கே இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் இனத்தைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. சுகாதாரத் துறை அதைத் தொகுக்கிறது. அதனால்தான் சட்டம் யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தது. கறுப்பினப் பெண்கள் இயக்கங்கள் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டன.

நம் நாட்டின் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்து அறிக்கையில் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்கள் என்று ஓர் அத்தியாயம் உண்டு. அதில் கொலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. அப்படிக் கொல்லப்பட்டவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்ற பிரிப்பு இல்லை. பெண்கள் மீதான குற்றங்கள் என்ற அத்தியாயத்தில் வரதட்சணைச் சாவு இருக்கிறது. 2022-இல் 6,450 வழக்குகள். அந்தப் பெண்கள் எந்தச் சாதி என்ற பிரிப்பு அங்கே இல்லை. கொல்லப்பட்ட தலித் பெண் இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவே விழுந்து காணாமல் போகிறாள்.

எந்தக் கட்டத்திலும் அடங்காதவள்

1976-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. எங்களை வேலைக்கு எடுப்பதிலும் நீக்குவதிலும் பாகுபாடு என்பது அவர்கள் புகார். நிறுவனம் கறுப்பர்களை எடுத்திருக்கிறது, பெண்களையும் எடுத்திருக்கிறது, பிறகென்ன என்றது நீதிமன்றம். எடுக்கப்பட்ட கறுப்பர்கள் ஆண்கள். எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள். கறுப்பினப் பெண்ணுக்கு என்று இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர் 1989-இல் இந்த வழக்கை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். இனமும் பாலினமும் ஒரே உடம்பில் வந்து மோதும்போது ஏற்படும் காயத்தைத் தனித்தனிச் சட்டங்கள் பார்க்காது என்பது அவர் வாதம்.

அந்த வாதம் 2021 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத, ஆந்திரத்தைச் சேர்ந்த பட்டியல் சாதி இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கு. படான் ஜமால் வலி வழக்கு என்று சட்டத்துறையில் சொல்வார்கள். நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தம் தீர்ப்பில் கிரென்ஷாவை எடுத்தாண்டு, சாதியும் பாலினமும் உடற்குறையும் சேர்ந்து அந்தப் பெண்ணை எந்த நிலைக்குத் தள்ளின என்று விரிவாக எழுதினார். குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை நிலைத்தது. ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை மட்டும் ரத்தானது. குற்றம் நடந்த காலத்தில் அந்தச் சட்டத்தின் வாசகப்படி, ‘சாதியின் காரணமாகவே’ குற்றம் நடந்ததாக அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கவில்லை.

இந்த ஒரு வாசகத்தால் எத்தனை வழக்குகள் சரிந்தன! 2006 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சி கிராமத்தில் ஒரு தலித் தாயும் மகளும் இரண்டு மகன்களும் ஊர்க் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. 2010-இல் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அதைப் பழிவாங்கும் செயல் என்று சொல்லி, தூக்கை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. ஒரு தலித் குடும்பத்தை ஊரே கூடி அழித்ததில் சாதி இல்லை என்று நீதிமன்றத்தால் சொல்ல முடிந்தது.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை மாற்றியது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்று தெரிந்து குற்றம் செய்திருந்தாலே போதும். முன்பின் அறிமுகமான குடும்பம் என்றால் தெரிந்தே செய்ததாக நீதிமன்றம் கருதிக்கொள்ளும். நல்ல திருத்தம். ஆனால் அந்தப் பிரிவை வழக்கில் சேர்த்தால்தானே அது வேலை செய்யும்?

இந்தியச் சட்டம் கொல்லப்பட்ட பெண்ணை எப்படியெல்லாம் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் செத்து, வரதட்சணைக் கொடுமையும் இருந்தால் அவள் மருமகள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 80-ஆம் பிரிவு. 18 வயதுக்குள் பாலியல் குற்றத்துக்கு ஆளானால் அவள் குழந்தை, போக்சோ சட்டம். பட்டியல் சாதி என்று சான்றிதழ் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கூடிச் சாதி, பாலினம் போன்றவற்றை வைத்துக் கொன்றால் நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. கொலையைப் பற்றிய நம் சட்டத்தில் பாலினம் ஒரு காரணமாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பது அந்த ஓர் இடத்தில்தான், அதுவும் கும்பலுக்கு மட்டும். தனியாக ஒருவன், தன்னை வேண்டாம் என்று சொன்னதற்காகவோ சொன்ன பேச்சைக் கேட்காததற்காகவோ ஒரு பெண்ணை வெட்டிச் சாய்த்தால் அது வெறும் கொலை. கல்யாணமாகி எட்டாவது வருடம், 30 வயது, கூலி வேலைக்காரி என்றால் அவளுக்கென்று எந்தக் கட்டமும் இல்லை.

மலைக்குப் போகும் ஜீப்புகள்

விடியற்காலையில் கம்பம், கூடலூர், போடி, தேவாரம் பக்கம் போய் நின்றால் அப்படிப்பட்ட கூலிப் பெண்களைப் பார்க்கலாம். சேலைக்கு மேல் முழுக்கை ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. ஜீப்பில் பின்னால் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருவார்கள். ‘மலைக்குப் போறோம்’ என்பார்கள். அதில் எல்லாம் அடங்கிவிடும். ஏலக்காய் ஏலத்தின் பெருமை பேசும் தேனி மாவட்டத்தில், அந்தக் காயைச் செடியின் தூரில் குனிந்து பறித்தெடுப்பவர்கள் இவர்கள். பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். தலித் பெண்கள் நிறையப் பேர்.

இவர்களில் ஒருவருக்கு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதாவது நேர்ந்தால் என்ன ஆகும்? முதல் கேள்வி, எந்த ஸ்டேஷன்? எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இப்போது வெளிப்படையாகவே சொல்கிறது. அடுத்தது சாதிச் சான்று. மாநிலம் தாண்டினால் பட்டியல் மாறும். இங்கே பட்டியல் சாதி என்றால் அங்கேயும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாதுகாக்குமா என்ற குழப்பத்துக்கு, நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் பாதுகாப்பு உண்டு என்று 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு விடை சொன்னது. அது அந்த மாநிலத்துத் தீர்ப்பு. குமுளி சோதனைச் சாவடிக்கு இரு பக்கமும் இருக்கும் காவல் நிலையங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியே அல்ல. தெருவில் சாதி அப்படியே இருக்கிறது, சட்டத்தில் மட்டும் இல்லை.

குமுளியிலிருந்து கோட்டயம் போகும் சாலையில் வண்டிப்பெரியாறு. 2021 ஜூன் 30 அன்று அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஆறு வயதுச் சிறுமி பிணமாகக் கிடந்தாள். முதலில் விபத்து என்றே நினைத்தார்கள். உடற்கூறாய்வில்தான் பாலியல் வன்கொடுமையும் கொலையும் தெரியவந்தன. பக்கத்து வீட்டு இளைஞர் கைதானார். 2023 டிசம்பர் 14 அன்று கட்டப்பனை விரைவு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்கே மறுநாள்தான் போனார், தடயங்களைச் சேகரித்த முறை சரியில்லை என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. சிறுமியின் தாய் நீதிமன்ற வாசலில் கதறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சுருளியும் வண்டிப்பெரியாறும் ஒரே மலைத்தொடரின் இரண்டு பக்கம். வேறு வேறு மாநிலம், வேறு வேறு காவல்துறை. இரண்டிலும் தோற்றது ஒரே இடத்தில்: முதல் இரண்டு நாள்.

முதல் பக்கம்

முதல் தகவல் அறிக்கைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண், தேதி, சட்டமும் பிரிவும், சம்பவம் நடந்த நாளும் நேரமும், இடம், நிலையத்திலிருந்து எவ்வளவு தொலைவு, தகவல் கொடுத்தவர், எதிரியின் விவரம், தாமதமாகத் தெரிவித்திருந்தால் அதற்குக் காரணம், களவு போன சொத்தின் விவரம், அதன் மொத்த மதிப்பு. களவு போன சொத்தின் மதிப்புக்குக் கட்டம் இருக்கிறது. செத்த பெண்ணுக்கும் கொன்றவனுக்கும் என்ன உறவு, அவள் இதற்கு முன் புகார் கொடுத்திருந்தாளா என்பதற்குக் கட்டம் கிடையாது. அந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதப்பட்டால் பெண்கொலைகளில் பாதியின் கதை முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அதைவிடக் கொடுமை, பல சாவுகளுக்கு அந்தப் பக்கமே எழுதப்படுவதில்லை. ‘வயித்து வலி தாங்காம மருந்தக் குடிச்சிருச்சு’ என்ற வாக்கியத்தைக் கேட்காத கிராமம் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா? திராட்சைத் தோட்டத்துக்கும் வாழைக்கும் அடிக்கும் பூச்சிமருந்து பல வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உடல் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும். ‘174 போட்டாச்சு’ என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சந்தேக மரணத்துக்கான பிரிவு அது, இப்போது 194. கல்யாணமாகி ஏழு ஆண்டு ஆகாதவர் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். பிணவறை வாசலில் இரண்டு தரப்புப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். போட்ட பவுனைத் திருப்பிக் கொடுப்பது, பிள்ளை யார் வீட்டில் வளர்வது, காரியச் செலவு யாருடையது. பேசி முடிந்ததும் கையெழுத்தாகும். தற்கொலையாகவே இருக்கட்டும், தூண்டியவன் யார் என்ற கேள்வி அந்த வாசலிலேயே செத்துவிடுகிறது. எல்லாச் சாவும் கொலை என்று நான் சொல்லவில்லை. எது கொலை என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பையே நாம் பேசித் தீர்த்துவிடுகிறோம் என்கிறேன்.

இந்த மண்ணுக்கு இதில் நீண்ட பழக்கம் இருக்கிறது. 1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலைகளை அட்டைக் கட்டுரையாக வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. அப்போது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை, மதுரையின் பகுதி. எருக்கம்பாலும் நெல்மணியும் எப்படிக் கொலைக் கருவிகள் ஆயின என்று ஊர்ப்பெயரோடு அச்சில் வந்தது. 1992-இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-இல் அது தேனிக்கும் வந்தது. 1994-இல் அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா ‘கருத்தம்மா’ எடுத்தார். அதே ஆண்டு கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் 2020 மார்ச்சில் ஆண்டிபட்டி வட்டாரத்தில் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண்குழந்தை எருக்கம்பால் கொடுத்துக் கொல்லப்பட்டதாகத் தாயும் பாட்டியும் கைதானார்கள்.

யார் கைதானார்கள் என்பதைக் கவனியுங்கள். தாயும் பாட்டியும். மூன்றாவதும் பொட்டப்பிள்ளையா என்று முகம் திருப்பிய தகப்பன், காது குத்துக்கும் சடங்குக்கும் சீர் என்று கணக்குப் போட்ட சொந்தம், ஸ்கேன் பார்த்துச் சொன்ன இடம், ஒருவரும் அந்த வழக்கில் வருவதில்லை. பெண்ணைக் கொன்ற குற்றத்துக்கும் பெண்ணே சிறை போகிறாள்.

உசிலம்பட்டியில் 2014 அக்டோபரில் இன்னொன்று நடந்தது. ஆதிக்க சாதிப் பெண் ஒருவர் தலித் இளைஞரைக் கல்யாணம் செய்துகொண்டார். காவல் நிலையத்துப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு பெற்றோர் வீட்டுக்குப் போனவர் பிணமானார். உடல் அவசர அவசரமாக எரிக்கப்பட்டது. கணவர் தொடுத்த வழக்கில் 2016 ஏப்ரலில் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் அளித்த தீர்ப்பு, ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரையும் கொண்ட தனிப்பிரிவு வேண்டும், 24 மணி நேரத் தொலைபேசி வேண்டும் என்று உத்தரவிட்டது. எந்தக் காவல் நிலையத்தில் அடைக்கலம் கேட்டாலும் பெண்ணைப் பிறந்த வீட்டோடு ‘சேர்த்துவைக்கும்’ பழக்கம்தான் அவளைக் கொன்றது என்பதை உணர்ந்த தீர்ப்பு அது. சாதியைக் காக்கிறேன் என்று கிளம்புகிறவன் மேலே இருக்கும் பெண்ணையும் விடுவதில்லை, கீழே இருக்கும் பெண்ணையும் விடுவதில்லை. வேறுபாடு ஒன்றுதான். தலித் பெண் செத்தால் கேட்பதற்கு ஆள் குறைவு. 2018 அக்டோபரில் சேலம் ஆத்தூர் அருகே 13 வயதுத் தலித் சிறுமி, தாயின் கண்ணெதிரே தலை துண்டித்துக் கொல்லப்பட்டாள். பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் சீண்டல்களைப் பெயர் சொல்லி வெளியிட்டு, நாடே மீ டூ பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே மாதம். அவளுக்கு நகரத்து மேடைகளில் கிடைத்த இடம் மிகச் சிறியது.

திண்டுக்கல்லில் பெண்கள் செய்தது

பக்கத்து மாவட்டத்திலேயே வேறொரு வழி திறந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். கொலைக்கு முன்பே அவர் தொந்தரவு கொடுத்துவந்ததாகக் குடும்பத்தாரும் சக தொழிலாளிகளும் சொன்னார்கள். அந்தப் பெண் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். பெண்களே தலைமை தாங்கும் சங்கம், தலைவர் திவ்யராகினி. கொலை வழக்கு போலீஸ் பாடு என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஓராண்டுக்கும் மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் அதனிடம் ஆடை வாங்கும் ஹெச் அண்ட் எம் நிறுவனத்தோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு கேப் முதலிய நிறுவனங்களும் சேர்ந்தன.

திண்டுக்கல் ஒப்பந்தம் என்று இன்று உலகத் தொழிற்சங்கங்கள் அதைப் படிக்கின்றன. ஆலைக்குள் தொழிலாளிப் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, கெட்ட வார்த்தை, தொடுதல், சாதிப்பேச்சு என்று சின்னதாகத் தொடங்கும்போதே பதிவு செய்தார்கள். புகார் கொடுத்தவரை வேலையை விட்டு நீக்கினால் துணி வாங்கும் நிறுவனம் கேள்வி கேட்கும் என்பது ஏற்பாடாக இருந்தது. சாதியும் பாலினமும் சேர்ந்தே வருகின்றன என்பதை எழுத்தில் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் அது. பெண்கொலை ஒரே நாளில் நடப்பதில்லை, அதற்கு முன்னே நூறு சின்னச் சம்பவங்கள் இருக்கும் என்பதை அந்தப் பெண்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். ஏலத்தோட்டத்துக்கும் திராட்சைக்கும் போகும் பெண்களுக்கு இப்படி ஒன்றும் இல்லை. ஜீப் ஓட்டுநர், ஆள்பிடிக்கும் ஏஜெண்டு, தோட்டத்துக் கங்காணி, இவர்களில் யார் மீது யாரிடம் புகார் சொல்வது? இரண்டு மாநிலத் தொழிலாளர் துறைகளும் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் இது. முல்லைப்பெரியாறு தண்ணீருக்கு மட்டும் உட்கார்ந்தால் போதாது.

என்ன கேட்கலாம்?

நெல்லையில் 2025 ஜூலையில் தலித் இளைஞர் ஒருவர் ஆணவக் கொலைக்குப் பலியான பிறகு, அக்டோபரில் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது; ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்வது அதன் பணி. 2003-இல் நடந்த கண்ணகி–முருகேசன் ஆணவக் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் கடைசித் தீர்ப்பு 2025 ஏப்ரலில்தான் வந்தது என்பதை நினைத்தால், தனிச் சட்டம் எவ்வளவு தேவை என்று விளங்கும். நான் அதை முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களின் கொலையோடு அது நின்றுவிடக் கூடாது. பெண்கொலை என்ற குற்றத்தை அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். கொன்றவருக்கும் செத்தவருக்குமான உறவு, முந்தைய புகார்கள், செத்தவரின் சாதி ஆகியவற்றை முதல் தகவல் அறிக்கையிலேயே எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் அந்தக் கணக்கைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். தண்டனையை இன்னும் கூட்டுவதைவிட இவை எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தூக்குக்கு மேலே ஒரு தண்டனை இல்லை. சுருளி வழக்கில் அதுவே கொடுக்கப்பட்டது.

சட்டம் வரும்வரை கையிலிருப்பதைப் பிடித்துக்கொள்வோம். உங்கள் தெருவில் ஒரு பெண் சந்தேகமாக இறந்தால், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை கேட்கக் கூடாது. வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இறந்தவர் பட்டியல் சாதி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவைச் சேர்த்திருக்கிறார்களா என்று அன்றைக்கே பாருங்கள். புகாரைப் பதியாமல் கடமையைத் தட்டிக்கழிக்கும் அதிகாரிக்கு அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை உண்டு. விசாரணையை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் நடத்த வேண்டும். கொலை வழக்கில் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் ரூ.12 லட்சம் நிவாரணம். அதில் பாதி உடற்கூறாய்வு முடிந்ததுமே வர வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பிணவறை வாசலில் யார் வந்து என்ன பேசினாலும், அந்த நகல் கைக்கு வராமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.